வரிசையில் நின்றவர்களுக்கும் ஓவியத்தைக் காட்டியவர்களுக்கும் நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

குழுக் கண்காட்சி நிறைவடைந்துவிட்டது. கண்களை மூடும் ஹெட்செட்டை அணிந்து உள்ளே நுழைந்து பார்க்கும் என் மெய்நிகர் ஓவியத்தை இவ்வளவு பேர் பார்த்தார்கள் என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான். அதை எல்லோரும் அறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

சுவரில் மாட்டிய ஓவியத்தை ஒரே நேரத்தில் இருபது பேர் நின்று பார்க்கலாம். மெய்நிகர் ஓவியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. படைப்பு எட்டு நிமிடம். ஹெட்செட்டை மாட்ட, கழற்ற, துடைக்க நான்கு நிமிடம். ஆக, மணிக்கு ஐந்து பேர். மற்றவர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு காற்றில் கை வீசும் ஒருவரை வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதை முதலில் மாற்றியவர் எங்கள் திரையமைப்பாளர். ஹெட்செட்டில் தெரிவதை அப்படியே பெரிய திரையில் விட்டால், தலையின் சிறு அசைவும் பெருங்குலுக்கலாகிப் பார்ப்பவருக்குத் தலைசுற்றும். அவர் ஓவியத்துக்குள்ளேயே தனியாக ஒரு கேமராவை வைத்தார். அது பார்வையாளரின் தலையை நிதானமாகப் பின்தொடர்ந்து, அகன்ற கோணத்தில் காட்டியது. அதோடு அவர் நிற்கவில்லை. கனடியக் கலைஞர் சார் டேவிஸ் 1995இல் காட்சிக்கு வைத்த 'ஆஸ்மோஸ்' படைப்பில், உள்ளே இருப்பவர் மூச்சாலும் உடல் அசைவாலும் அந்த உலகத்தில் மிதந்து செல்வார். அவர் காண்பதைத் திரையிலும், அவருடைய நிழலுருவை இன்னொரு திரையிலும் வெளியே இருந்தவர்கள் பார்த்தார்கள். மெய்நிகர் கலையின் தொடக்க காலத்திலேயே கூட்டத்தை மறக்காத படைப்பு அது. அதை எடுத்துக்காட்டி, நமக்கும் நிழல் திரை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் எங்கள் திரையமைப்பாளர். எங்கள் நிழல் திரைத் துணிக்குப் பின்னால் ஹெட்செட் அணிந்த ஒரு பெண் கையை உயர்த்த, பக்கத்துத் திரையில் ஒரு கிளை வளைந்தது. "இன்னும் மேலே, இன்னும் மேலே!" என்று வெளியிலிருந்த சிறுவர்கள் கத்தினார்கள். ஹெட்செட் அணியும் வயது வராத பிள்ளைகள் அவர்கள். அவர்களும் ஓவியத்துக்குள் இருந்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

தன்னார்வலர்களே, உங்கள் பொறுமைக்கு என்ன கைம்மாறு செய்வேன்! மூக்குக்கண்ணாடி அணிந்தவர் வந்தால் ஹெட்செட்டின் முன்பக்கத்தை முதலில் பொருத்தி, பிறகு பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்தீர்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆனால் ஆளுக்கு ஆள் அது வேறுபடும். "எழுத்து தெளிவாகத் தெரிகிறதா?" என்று கேட்டுக் கேட்டு, 'தெரிகிறது' என்ற பதில் வரும்வரை லென்ஸை நகர்த்தினீர்கள். ஹெட்செட்டில் முகம் படும் துணியை ஒவ்வொருவருக்கும் மாற்றினீர்கள். மங்கலாகத் தெரிந்ததால் பாதியில் கழற்றியவர் என்று யாரும் இல்லை.

சக்கர நாற்காலியில் வந்த தோழிக்குத் தனி நன்றி. ஓவியத்தில் வரும் பறவைகள் நிற்பவரின் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதை அவர்தான் சுட்டிக்காட்டினார். அன்றிரவே எங்கள் நிரலாளர், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தை அளந்து காட்சி தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி மாற்றினார். பிறகு எல்லோருக்குமே நாற்காலி போட்டோம். தடுக்கி விழும் பயம் போயிற்று. முதியவர்கள் தைரியமாக வந்தார்கள்.

உடன் காட்சிப்படுத்திய கலைஞர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இருட்டு தேவை என்றதும் தன் சுவரையே விட்டுக்கொடுத்தார் ஒருவர். ஒரு படைப்பின் வரிசை மற்றவர்களின் படைப்புகளை மறைத்துவிடக் கூடாது என்று நேரமிட்ட டோக்கன் கொடுக்கச் சொன்னவர் ஒருங்கிணைப்பாளர். டோக்கன் வாங்கியவர்கள் காத்திருந்த நேரத்தில் அரங்கு முழுவதையும் சுற்றிப் பார்த்தார்கள். குழுக் கண்காட்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நிழல் திரைச் சட்டத்தின் அளவுகளும் அந்தக் கேமரா அமைப்பும் உங்கள் உழைப்பு. கேட்கும் எந்தக் கலைஞருக்கும் அவற்றை இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டீர்கள். அதற்கும் சேர்த்து என் நன்றி.

அன்புடன்,
உங்கள் ஓவியத் தோழர்