காணாமல் போன 69 ஜிபி

அன்புள்ள மூர்த்தி,

மூன்று மாதமாக வாய் திறக்காதவன் இப்போது எழுதுகிறான் என்றால் எங்கேயோ வம்பில் மாட்டியிருக்கிறான் என்று உனக்கே தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டி வலி அப்படியேதான்.

பழைய படங்களையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுவைக்க 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். செருகிப் பார்த்தால் 931 ஜிபி என்கிறது. புத்தம் புது டிஸ்க்! 69 ஜிபியைக் காணோம். வைத்தி மாமா கடைத் தராசில் பழகியவன், விடுவேனா? பில்லோடு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

கல்லாவில் இருந்த பையன் கோபப்படவில்லை. கால்குலேட்டரை என் பக்கம் தள்ளி, "1 டிபின்னா லட்சம் கோடி பைட். அதை 1024-ஆல மூணு தடவை வகுங்க சார்" என்றான். வகுத்தேன். 931 சொச்சம்! டிஸ்க் செய்கிறவன் 1000 பைட்டை ஒரு கேபி என்கிறான். விண்டோஸுக்கு 1024 பைட். எம்பி, ஜிபி என்று ஏற ஏற வித்தியாசமும் ஏறுகிறது. அரிசி அதே அரிசிதான், படிதான் வேறே. 1024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட் என்று 1998-லேயே தனிப்பெயர் வைத்துவிட்டார்களாம். வைத்து என்ன? விண்டோஸ் இன்னும் ஜிபி என்றுதான் போடுகிறது. இதே டிஸ்க்கை மருமகளின் மேக்கில் செருகினால் 1 டிபி!

தோற்றுத் திரும்பியவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நோட்பேடில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துச் சேமித்தேன். நான்கு எழுத்து, 4 பைட். தமிழில் அடித்தேன். 15! மூன்றெழுத்துக்குப் பதினைந்தா? மெய்யின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனியாக மூன்று மூன்று பைட்டாம். நம் தமிழய்யா கேட்டிருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

சரி, இதற்காக மட்டும் எழுதவில்லை.

அந்தப் பழைய பட்டன் ஃபோனையும் காலி செய்தேன். உன் அப்பா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பாடியது அதில் இருக்கிறதடா. நான்கு நிமிடம், 350 கேபி சொச்சம். நேற்று பேரன் எடுத்த ரசம் சாதப் படமே 4 எம்பி. அவர் குரல் ஒன்றுகூட நம்மிடம் இல்லையே என்று காரியத்தன்று நீ சொன்னபோது அது என் அலமாரியில்தான் கிடந்திருக்கிறது. இரண்டாவது சரணத்தில் பாட்டை நிறுத்தி உன்னை வெற்றிலை எடுத்துவரச் சொல்கிறார்.

வாட்ஸப்பில் தட்டிவிட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு வருகிறேன். எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம்.

உன்,
ராமு