விக்கல்காரிக்குப் பெயர் சொன்னவருக்கு

மலேசியாவின் சிகாமட் ஊர் மக்களுக்கும் சுற்றுத் தோட்டங்களில் இருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

இந்த வெள்ளத்தில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தச் சேற்றுக் கோடு இருக்கிறது. வீடு கழுவி முடித்து இன்றைக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

அம்மாவைத் தோளில் தூக்கிப் படகில் ஏற்றிய தம்பிகள், மண்டபத்தில் மூன்று வேளையும் சோறு போட்ட கோயில் கமிட்டியினர், தன் வீட்டிலும் தண்ணீர் நின்றபோது எங்களுக்குப் போர்வை கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மலாய் அம்மா மாக்சிக், டிராக்டர் அனுப்பிய தோட்டத்து எழுத்தர் கிராணி, ஊறிப்போன மெத்தையை வெளியே இழுத்துப் போட்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. பெயர் போட்டால் யாரையாவது விட்டுவிடுவேன். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போன சண்டையே எங்கள் குடும்பத்தில் இன்னும் தீரவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்: டவுனில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் சீன அங்கிள்.

அம்மாவின் ரிக்கார்டுப் பெட்டி உங்களில் பலருக்குத் தெரியும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில், சின்னச் சம்பளம் போட்ட நாட்களில் டவுனுக்கு நடந்து வந்து ஒவ்வொன்றாக வாங்கியவை. ஏழங்குலத் தட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. தமிழ்ப் பாட்டு வானொலியிலேயே வந்துவிடும், அதற்கு எதற்குக் காசு என்பது அம்மாவின் கணக்கு. அதனால் பெட்டியில் இருந்ததெல்லாம் மலாய், சீன, ஆங்கிலப் பாட்டுகள், அதிலும் முக்கால்வாசி பெண்கள் பாடியவை. அறுபதுகளின் ‘பாப் யே யே’ என்ற கிட்டார்ப் பாட்டுக் காலம். பீட்டில்ஸ் பாடிய ‘யே யே’தான் அந்தப் பெயருக்கு மூலம். தோட்டத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் தட்டுகள் இரவல் போகும், மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் நடுவிலும் மருந்துப் பிளாஸ்திரி ஒட்டித் தன் முதலெழுத்தை எழுதி வைத்திருந்தார். பாடியவர் பெயர் பிளாஸ்திரிக்கு அடியில் போய்விட்டது. அம்மாவும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, தானே பெயர் வைத்துக்கொண்டார். குரலை உடைத்து உடைத்து மேலே ஏற்றும் ஒரு சீனப் பெண், ‘விக்கல்காரி’.

தண்ணீர் வடிந்தபோது பெட்டி முழுக்கச் சேறு. ‘தூக்கிப் போட்டுடு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குப்பை மேட்டுக்குக் கொண்டுபோகும் வழியில்தான் அந்தக் கடையில் நிறுத்தினேன். மோட்டார் சைக்கிள் பேட்டரி அன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. அங்கிள் முன் கூடையில் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்தார். மலாயில் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘வெயிலில் வைத்தாயா?’ இல்லை என்றேன். ‘அப்படியானால் பிழைத்துக்கொள்ளும்.’

அவர் கடையிலும் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. பாதிச் சரக்கு போய்விட்டது. அதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, பேட்டரியில் ஊற்றும் சுத்தத் தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்தார். ஆசிட் இல்லை, மேலே ஊற்றி நிரப்புவோமே, அது. சேறு காய்ந்தால் மணல் கீறிவிடும், அதனால் ஈரமாக இருக்கும்போதே கழுவ வேண்டுமாம். முதலில் பைப் தண்ணீர் போதும், ஆனால் கடைசி அலசலுக்கு அது ஆகாது, அதிலிருக்கும் உப்பு பள்ளத்தில் தங்கிப் பாட்டுக்கு நடுவே படபடக்கும். குழந்தைக்குத் தலை வாரும் பிரஷ்ஷால், கோடு ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. அப்புறம் தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும். சொன்னதோடு விடவில்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து முதல் ஐந்தையும் அவரே கழுவினார்.

ஊறிப்போன பிளாஸ்திரி ஒன்று அவர் கட்டை விரலோடு வந்துவிட்டது. அடியில் சீன எழுத்து. தட்டைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ‘யிங் ஹுவா’ என்றார். செர்ரிப் பூ. ‘ஜப்பான்காரன் சகுரா என்பானே. சகுரா தெங்! நம்ம மூவார்ப் பெண்!’ என்று கடைப் பையன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டார். அடுத்ததில் ‘லிங் யுன்’, அதாவது ரீத்தா சாவோ. அந்த இருவரையும் ‘அ-கோ-கோ’ என்ற ஆட்டப் பாட்டின் ராணிகள் என்றே அப்போது அழைப்பார்களாம்.

எங்கள் சிகாமட் ஆறு போய்ச் சேர்வது மூவார் ஆற்றில்தான். பெட்டியை முக்கிய தண்ணீர் சகுராவின் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போயிருக்கும்.

அன்றிரவு என் மகள் இணையத்தில் தேட ஆரம்பித்தாள். 1964இல் த குவெஸ்ட்ஸ் என்ற சிங்கப்பூர் கிட்டார்க் குழுப் பையன்கள் ‘ஷாண்டி’ என்ற தட்டால் அந்த ஊர்ப் பாட்டு வரிசையில் பீட்டில்ஸையே முந்தினார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நல்லது, முந்தட்டும். அவர்கள் கிட்டார் வாசிக்க முன்னால் நின்று பாடிய பெண்களைத் தேடினால் நாலு வரி. எங்கள் பெட்டியிலேயே ரஃபியா புவாங், மரியா பாச்சோக் என்ற மலாய்ப் பாடகிகள் எல்லாம் இருந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் அவர்கள் குரலோடு சமைத்தோம், சாப்பிட்டோம், பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. பிளாஸ்திரி ஒட்டியது அம்மா என்றாலும், அதை ஒரு தரம் உரித்துப் பார்க்காதது நான்தானே. த கிரெசெண்டோஸ் குழுவின் சூசன் லிம், 1963இல் ‘மிஸ்டர் ட்விஸ்டர்’ பாடியவர், 1970இல் மலேசியாவின் கிழக்குக் கரையில் கடலோடு போய்விட்டாராம். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளம் பார்த்து வந்தவரிடம் இப்போது எப்படிச் சொல்வது.

31 தட்டில் 22 பிழைத்தது. உறைகள் எல்லாம் கூழ். இனி எந்தத் தட்டிலும் பிளாஸ்திரி ஒட்டுவதில்லை. புது உறையில் பாடியவர் பெயரைத் தமிழில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பரணில் இப்படி ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடும் முன் கொண்டு வாருங்கள், பிரஷ் இருக்கிறது.

அம்மாவிடம் விக்கல்காரியின் பெயரைச் சொன்னேன். ‘சகுராவோ மல்லிகையோ, எனக்கு விக்கல்காரிதான்’ என்றார். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்து, தட்டைத் தானே வைத்தார்.

அங்கிள் பேட்டரிக்கு மட்டும்தான் காசு வாங்கினார், தண்ணீருக்கு வாங்கவில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது அந்தப் பக்கம் பேட்டரி மாற்றப் போனால் மலாயில் சொல்லிவிடுங்கள்: மூன்றாவது பாட்டு வரும்போது அந்தப் படபடப்பு போய்விட்டது என்று.