விடுமுறைக்கு ஒரே ஊர் போதும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வுகள் முடியப் போகின்றன. எங்கே போகலாம் என்ற பேச்சு உங்கள் வீடுகளில் தொடங்கியிருக்கும். காலையில் பிள்ளையை விட வரும்போது சிலர் என்னிடமும் கேட்டீர்கள்: "மலை, வயல், ஏரி என்று வெளியே சுற்றுகிற மாதிரியும் இருக்கணும், நாலு விஷயம் தெரிஞ்சுக்கிற மாதிரியும் இருக்கணும். ஒரு இடம் சொல்லுங்க சார்." தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சென்ற விடுமுறை முடிந்ததும் ஏழாம் வகுப்பில் பயணக் கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு மாணவர் ஆறு நாளில் பதினோரு இடங்கள் பார்த்திருந்தார். கட்டுரையில் பதினோரு பெயர்களும் இருந்தன, வேறொன்றும் இல்லை. இன்னொரு மாணவி ஒரே கிராமத்தில் நான்கு நாள் தங்கியவர். ஆடு மேய்க்கும் ஒருவர் பட்டிக் கதவின் கொக்கியை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்ததை மட்டுமே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கொக்கி துருப்பிடித்திருந்தது, கயிறு ஈரமாக இருந்தது என்பதுவரை. ஆசிரியர் அறையில் அந்தத் தாள் கைமாறிக்கொண்டே இருந்தது.

அதனால் இடத்தைவிட முக்கியமாக நான் சொல்வது இதுதான்: ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள், அங்கேயே தங்குங்கள், நடந்து பாருங்கள்.

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் இப்படி நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்த நிலம். 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு ஏரியும் மலையும் மட்டும் காரணமல்ல, தலைமுறை தலைமுறையாக அங்கே நடந்துவரும் ஆடு வளர்ப்பும் காரணம். அங்குள்ள ஹெர்ட்விக் செம்மறிகளுக்கு மலை உச்சியில் வேலி கிடையாது. தன் மந்தை எதுவரை மேயலாம் என்பதைக் குட்டி தாயோடு திரிந்தே கற்றுக்கொள்கிறது. கீழே வயல்களுக்கு நடுவே ஓடும் கல்சுவர்களில் சாந்து கிடையாது. கல்மேல் கல் பொருந்தி நிற்பதுதான். ஒரு சுவர் முன்னால் பத்து நிமிடம் நிற்க விடுங்கள், எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் வண்டியில் போகும்போது கேட்க ஒரு கேள்வி: அத்தனை ஏரிகளில் அதிகாரபூர்வப் பெயரிலேயே 'லேக்' என்ற சொல் இருப்பது எந்த ஏரிக்கு? பாசன்த்வெயிட் ஒன்றுக்குத்தான். மற்றவையெல்லாம் 'மியர்', 'வாட்டர்' என்றே முடியும்.

பிரான்சின் தென்மேற்கில் தோர்தோன் பகுதி. ஆறு, சுண்ணாம்புப் பாறை, குகைகள். லாஸ்கோ குகை ஓவியங்களை 1940இல் கண்டுபிடித்தவர்கள் நான்கு பையன்கள். இதைச் சொன்னதும் எங்கள் எட்டாம் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால் 1963இல் குகையை மூடிவிட்டார்கள். இப்போது காட்டுவது நகல். ஏமாற்றமாக இருக்கும்தான். உள்ளே போகும் முன்பே பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஜப்பானில் ஷிரகாவா-கோ கிராமத்து வீடுகளின் கூரை, கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தாக இருக்கும். பனி தங்காமல் சரிய வேண்டுமே! அந்தக் கூரைக்கடியில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரையில் வேய்ந்த புல்லை மாற்றும் நாளில் ஊரே கூடி வேலை செய்யும் வழக்கத்துக்கு 'யுய்' என்று பெயர். ஷிரகாவா-கோவும் பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ படிக்கட்டு வயல்களும் 1995இல், ஒரே ஆண்டில்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் ஆயிரம் பேர்கூட வசிப்பதில்லை. செல்ஃபி எடுக்க வருகிறவர்களின் இரைச்சல் தாங்காமல் 2023இல் காட்சியை மறைத்து ஒரு மரத்தடுப்பே வைத்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். நாம் பார்க்கப் போவது யாரோ குடியிருக்கும் தெரு. சன்னலுக்குள் கேமராவை நீட்டக் கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம், பழகியதே நல்லது. மலையில் வெயிலை நம்பி மழைச்சட்டையை விட்டுப் போகாதீர்கள். திறந்திருந்த வேலிக்கதவு திறந்தே இருக்கட்டும், மூடியிருந்ததை மூடிவிட்டு வாருங்கள். புல்வெளியில் நடந்து வந்த மாலை, முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு தூரம் எல்லாரும் போக வேண்டியதில்லை, போகவும் முடியாது. சுவரை யார் கட்டினார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கூரை ஏன் இப்படிச் சரிகிறது என்ற கேள்விகளை எந்த ஊர்ப்புறத்திலும் கேட்கலாம்.

பள்ளித் தரப்பில் இரண்டு வேண்டுகோள். பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக விடுமுறைக்கு முன்னும் பின்னும் நாட்களை நீட்டாதீர்கள். விட்ட பாடத்தை மறுபடி நடத்துவது ஆசிரியருக்கும் சிரமம், பிள்ளைக்கும் சிரமம். இரண்டாவது, இந்த முறை விடுமுறை ப்ராஜெக்ட் கிடையாது. அதற்குப் பதில் ஒரு தாள் போதும்: தங்கிய இடத்திலிருந்து நடந்து போன ஒரு பாதையின் வரைபடம், கையால் வரைந்தது. பெரியம்மா வீட்டிலிருந்து வாய்க்கால் கரைவரை என்றாலும் சரி. அளவு பிசகினாலும் பரவாயில்லை. நீங்கள் மட்டும் வரைந்து கொடுக்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்