டெக்கோரா பாட்டி

மாப்ளே,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போடத் தாமதம். மகளுக்கு வரன் அமைந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். தை மாசம் என்றால் எனக்குக் கல்லூரியில் புது செமஸ்டர் தொடங்குகிற சமயம், ஆனாலும் எப்படியாவது வரப் பார்க்கிறேன். அம்மா திருமங்கலம் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பியிருந்தாய், சரி. அதோடு விடாமல், "உங்க ஊரில் இந்தத் தொல்லையே கிடையாது, வயசானால் ஹோமில் தள்ளிவிட்டு அவனவன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாய் பார், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி உனக்கு அவ்வப்போது சொல்லியிருக்கிறேன். போன மார்ச்சில் இறந்துபோனார். தொண்ணூறு தாண்டியிருந்தார், கடைசி சில வருஷம் நீ சொன்ன அதே ஹோமில்தான். உள்ளூர்ப் பேப்பரில் இரங்கல் குறிப்பு போட்டிருந்தார்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் வரை எல்லார் பெயரும் ஊரும் வரிசையாக. அதற்கு மேலே ஒரே வரி: குடும்பமே அவருடைய உலகம். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போர்டில் போடுவோமே, குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்று, அதேதான். பொய் இல்லை. ஆனால் அந்த வரியைப் போட்டுவிட்டால் அந்த மனுஷி என்ன வேலை செய்தார், எதற்கெல்லாம் மல்லுக்கு நின்றார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதில்தான் எரிச்சல்.

டெக்கோரா எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர், அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில். ஐயோவா என்றால் தட்டையான சோளக்காடு என்று நினைப்பாய், இந்தப் பக்கம் அப்படியில்லை. குன்றும் ஆறுமாக இருக்கும், மாட்டுப் பண்ணைகள் அதிகம். 1850களில் வந்து குடியேறிய நார்வேக்காரர்களின் வாரிசுகள் ஊரில் நிறையப் பேர். பாட்டி பிறந்தது 1934இல், ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில். அப்போது அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் மின்சாரம் கிடையாது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுவர 1936இல் போட்ட சட்டத்துக்குப் பிறகு விவசாயிகள் கூட்டுறவு சங்கம் வைத்துத்தான் கம்பி இழுத்தார்கள். சிம்னி விளக்குக் கண்ணாடியைத் துடைப்பது சின்ன வயசில் தன் வேலை என்றும், லைட் வந்த அன்றைக்கு அது போய்விட்டதே என்று சந்தோஷப்பட்டால் மறுநாளே கோழிக்கொட்டகையைக் கூட்டச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொல்லிச் சிரிப்பார்.

எட்டாம் வகுப்பு வரை ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். அப்புறம் ஹைஸ்கூலில் பாஸ்கெட்பால். இது உனக்குப் பிடிக்கும், கேள். ஐயோவாவில் பெண்கள் பாஸ்கெட்பால் என்றால் அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் மைதானத்தின் ஒரு பாதியில், மூன்று பேர் மறு பாதியில், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. தடுக்கிற மூன்று பேர் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், கூடைப் பக்கமே போக முடியாது. 1993 வரை இப்படி ஆடியிருக்கிறார்கள்! மாநிலப் போட்டிக்கு டி மோயின் நகரத்து அரங்கம் நிரம்பி வழியுமாம். பாட்டி தடுப்பாட்டக்காரி. பள்ளிக்காலம் முழுக்க ஆடி ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை, எடுக்க விதியே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். முழங்கையை எங்கே வைத்து இடித்தால் ரெஃபரி கண்ணில் படாது என்று என் மகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். இரங்கல் குறிப்பில் இதில் ஒரு எழுத்து வரவில்லை.

1953இல் கல்யாணம், ஐந்து பிள்ளைகள், முப்பது சொச்சம் கறவை மாடு. தாத்தா மாட்டைப் பார்த்தார், பாட்டி மாட்டையும் பார்த்தார், கணக்கையும் பார்த்தார். எந்த மாடு எத்தனை பவுண்டு பால், தீவனத்துக்கு என்ன செலவு, பாங்கில் எவ்வளவு பாக்கி, எல்லாம் அவர் கையெழுத்தில் நோட்டு நோட்டாக இருந்தது. அப்புறம் எண்பதுகள் வந்தன. எழுபதுகளில் நிலத்தின் விலை ஏற ஏற, வாங்கு வாங்கு என்று பாங்குக்காரர்களே கடன் கொடுத்தார்கள். பிறகு வட்டி இருபது சதவீதத்துக்குப் போனது, 1980இல் சோவியத்துக்குத் தானியம் விற்கத் தடை, 1981க்கும் 1986க்கும் நடுவில் ஐயோவா நிலத்தின் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. பக்கத்துப் பண்ணைகள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வந்தன. பால் அதிகமாகிவிட்டது என்று அரசாங்கமே 1986இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: மாடு மொத்தத்தையும் கசாப்புக்கோ ஏற்றுமதிக்கோ கொடுத்துவிட்டு, ஐந்து வருஷம் பால் தொழில் பக்கமே வராமல் இருந்தால் பணம். தாத்தா மாட்டேன் என்று கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறார். பாட்டி நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகக் காட்டி ஒத்துக்கொள்ள வைத்தார். லாரி வந்த அன்றைக்கு ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லி ஏற்றியதும் அவர்தானாம். மறுமாசமே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சம்பளத்துக்காக மட்டுமில்லை, குடும்பத்துக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேண்டுமே. நிலம் கைவிட்டுப் போகாமல் தப்பியது அப்படித்தான்.

பிள்ளைகளில் ஒருவன்தான் மண்ணில் தங்கினான். மற்றவர்கள் மினியாபொலிஸ், டென்வர், டெக்சாஸ். இங்கே சின்ன ஊர்களின் கதையே அதுதான், பண்ணை பெரிசாகப் பெரிசாக ஆள் தேவை குறைந்துகொண்டே போகிறது. அதனால் பாட்டியின் பாசமெல்லாம் தபாலிலும் காரிலும்தான் போனது. சமையலறை காலண்டரில் பேரப்பிள்ளைகள் பிறந்தநாள் அத்தனையும் குறித்திருக்கும், வாழ்த்து அட்டைக்குள் ஐந்து டாலர் நோட்டு ஒன்று. பேத்திக்கு வாலிபால், பேரனுக்கு மல்யுத்தம் என்றால் எண்பது வயசிலும் பனியில் மூன்று மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். "ஐ லவ் யூ" எல்லாம் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, வண்டி டயர் பார்த்தாயா, இவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் லெஃப்சா சுடுவார். வேகவைத்த உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து, வரி வரியாகக் கோடு போட்ட உருளையால் மெல்லிசாகத் தேய்த்து, நீளக் குச்சியால் திருப்பிப் போட்டு எடுப்பது. வெண்ணெயும் சர்க்கரையும் தடவிக் கொடுத்தால் நம் போளிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும்.

சண்டை இல்லாத குடும்பம் என்று நினைத்துவிடாதே. தாத்தா போன பிறகு, நிலத்தை உழுகிற மகனுக்கே சந்தை விலைக்கும் குறைவாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்தாகப் பிரித்தால் ஒருவருக்கும் பிழைப்பு நடக்காது என்பது பாட்டியின் கணக்கு. மூத்த மகள் இரண்டு வருஷம் பேசவில்லை. உங்கள் சித்தப்பா வீட்டு வரப்புத் தகராறு ஞாபகம் வருகிறதா? பாட்டி யாரையும் சமாதானம் செய்யப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வந்தாக வேண்டும், வந்து முறைத்துக்கொண்டே சாப்பிட்டாலும் பரவாயில்லை என்றுவிட்டார். வந்தார்கள், முறைத்தார்கள். இன்றைக்கும் முழுசாகச் சரியாகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது ஹோம் விஷயம். 2021இல் இடுப்பெலும்பு முறிந்தது. மகன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான், மினியாபொலிஸ் மகளும் கூப்பிட்டாள். இரண்டுக்கும் மாட்டேன் என்று அவரே போய் ஹோமில் இடம் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மருமகளைத் தன்னைக் குளிப்பாட்ட வைக்க மாட்டேன் என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். செலவு பயங்கரம். முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ் மெடிகேர் நீண்ட காலத் தங்கலுக்குக் கொடுக்காது, வசதியில்லாதவர்களுக்கான மெடிகெய்ட் வேண்டுமென்றால் கையிருப்பு கரைந்திருக்க வேண்டும், கடைசி ஐந்து வருஷத்தில் சொத்து எதையாவது சும்மா கொடுத்திருக்கிறோமா, அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருக்கிறோமா என்றும் தோண்டுவார்கள். நிலத்தை ஏன் அவ்வளவு சீக்கிரம் எழுதினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகன் தினம் சாயங்காலம் வருவான், பெரிதாக ஒன்றும் பேச மாட்டான், சோளம் என்ன உயரம் என்று சொல்லிவிட்டுப் போவான். இதைத் தள்ளிவிட்டதாக நீ சொல்வாயா? தள்ளிவிட்டவர்களும் இங்கே உண்டு, அதே ஹோமில் யாருமே வராத கிழவிகளையும் பார்த்தேன். நம் ஊரில் மட்டும் இல்லையா என்ன.

இறுதிச் சடங்கன்று சர்ச்சில் பெஞ்சுக்குப் பெஞ்சு பாட்டி தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளை விரித்துப் போட்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் சாப்பாடு: பன்னுக்குள் ஹாம், உருளைக்கிழங்கு சாலட், ஜெல்லி, தட்டுத் தட்டாக இனிப்புத் துண்டுகள். வருஷக்கணக்காக மற்றவர் சாவுக்கெல்லாம் அந்தச் சமையலறையில் பாட்டி நின்றிருக்கிறார், இப்போது அவருக்காக மற்ற பெண்கள் நின்றார்கள். மூத்த மகள் வந்திருந்தாள், தம்பிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, ஆனால் அவன் பிள்ளைகளுக்கு அவள்தான் பரிமாறினாள்.

அதனால் அம்மாவை இழுக்காதே மாப்ளே. பாத்ரூமில் கைப்பிடி வை, வழுக்காத ஓடு போடு, ராத்திரி துணைக்குப் படுக்க நம்பிக்கையான ஆள் பார். வாரா வாரம் நீ போ, உன் மகளையும் கூட்டிப் போ. போய்ப் பேச ஒன்றும் இல்லாவிட்டால், அந்தக் காலத்தில் நெல் கணக்கு யார் பார்த்தார்கள் என்று கேள், உங்கள் அப்பா பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது, டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டாக வேண்டும். வரும்போது உனக்கு ஏதாவது வேண்டுமா? போன தடவை மாதிரி ஷூ சைஸைத் தப்பாகச் சொல்லாதே.

உன் பழைய ரூம்மேட்