விருதும் விருதாவும்

எடின்பரோ
ஞாயிறு மாலை

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வேலை, குளிர், மூட்டுவலி என்று எதைச் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, அதனால் உண்மையையே சொல்லிவிடுகிறேன். மகன் கதிருக்குப் பரங்கிமலை ராணுவ அகாடமியில் இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ‘ராத்திரி தூக்கம் வருவதில்லை’ என்று முடித்திருந்தாய். முதல் பக்கத்துக்கு வாழ்த்துச் சொல்வதா, கடைசி வரிக்குத் தைரியம் சொல்வதா என்று தெரியாமல் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டேன். மதினி எப்படி இருக்கிறார்கள்? இங்கே எல்லாரும் நலம். சங்கரன் அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லையாமே, வாழ்க.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நார்த் பிரிட்ஜில் பஸ் அசையாமல் நின்றுவிட்டது. இறங்கி நடந்தபோது பாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சில கல் சிப்பாய்கள். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் யாரென்று வாசித்தேன்: கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ் ரெஜிமெண்ட். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன் அதோடு விடவில்லை.

பெயரில் எல்லைப்புறம் இருந்தாலும் அந்த ரெஜிமெண்ட் பிறந்தது இந்த ஊரில். 1689 மார்ச்சில் ஜேம்ஸா வில்லியமா என்று அரசுரிமைச் சண்டை. கோட்டை ஜேம்ஸின் ஆள் கையில், கீழே ஊர் பயந்து கிடக்கிறது. வில்லியம் பக்கத்து லெவன் பிரபு தெருவில் முரசடித்து ஆள் கூப்பிட்டார். 2 மணி நேரத்தில் 800 பேர் சேர்ந்தார்களாம். நம் கல்லூரியில் என்.சி.சி.க்கு முப்பது பேர் சேர்க்கப் பூரி கிழங்கு காட்ட வேண்டியிருந்தது! (நீ பூரிக்குத்தான் வந்தாய் என்பதை நான் எங்கும் சாட்சி சொல்வேன்.)

நாலே மாதம். ஜூலை 27 அன்று கில்லிகிராங்கி கணவாயில் போர். அன்றைய பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தி) துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே தக்கை மாதிரி செருக வேண்டும். செருகிவிட்டால் சுட முடியாது. சுட்டுவிட்டுச் செருகலாம் என்றால் நேரம் கிடைக்காது. மேட்டிலிருந்து ஜேம்ஸ் பக்கத்து மலைநாட்டார் வாளோடு ஓடி இறங்கியதும், அரசுப் படையில் பெரும்பகுதி செருகி முடிப்பதற்குள் சிதறி ஓடியது. ஓடாமல் நின்ற சிலரில் இந்த ஊர்ப் பையன்களும் உண்டு. ஆக, தோற்றுப்போன போர். அதற்குத்தான் நகரம் மரியாதை செய்தது: முரசடித்து, கொடி விரித்து, பயனெட் பூட்டி ஊருக்குள் அணிவகுத்து வரலாம் என்று. பயனெட் காலை வாரிய போருக்குப் பயனெட் மரியாதை! இன்றைக்கும் பிரிட்டிஷ் நகரங்கள் தங்கள் ரெஜிமெண்டைக் கௌரவிக்கும்போது இதே மூன்றைத்தான் சொல்கின்றன. ஆயுதத்தோடு படை வந்தாலே கதவடைத்த காலத்தில், ‘நீங்கள் வரலாம்’ என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. இதுவரை எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மரியாதையில் இன்னொரு பங்கும் உண்டு, மணி. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. நகரத் தலைவரிடம் அனுமதி கேட்காமலே எடின்பரோ தெருக்களில் முரசடித்து ஆள் சேர்த்துக்கொள்ளலாம். யோசித்துப் பார். ஊர் தன் கையிலிருந்த பெரிய பரிசைத் தேடியிருக்கிறது. பொன் இல்லை, நிலம் இல்லை. ‘எங்கள் பிள்ளைகளை எங்களைக் கேட்காமலே கூட்டிப் போங்கள்.’ அந்த 800 பேரின் அம்மா அப்பாக்கள் முரசுச் சத்தம் கேட்டு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. உன் கடைசி வரியைத்தான் அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

தொப்பிச் சின்னத்தில் எடின்பரோ கோட்டையும் நகரத்தின் லத்தீன் வாசகமும் பொறித்திருக்கும். நம் ஞாயிறு வகுப்பில் ஒப்பித்த 127-ஆம் சங்கீதம்தான் அது: கர்த்தர் நகரத்தைக் காக்காவிட்டால் காவலாளர் விழித்திருப்பது விருதா. வீண் என்பதற்கு நமக்குக் கற்றுத்தந்த சொல். நீ அதை விருது என்று நினைத்துக்கொண்டு ‘எத்தனை விருது சார்?’ என்று கேட்டாயே! அன்றைக்குச் சிரித்தோம். நகரம் கொடுத்தது விருது, தொப்பியில் எழுதியது விருதா. உன் கேள்வி அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ரெஜிமெண்டும் இப்போது இல்லை. 2006 ஆகஸ்ட் 1-ல், 1633-லேயே தொடங்கிய ராயல் ஸ்காட்ஸோடு சேர்த்து ஒரே பட்டாலியன் ஆக்கிவிட்டார்கள். 2021-ல் அதையும் ரேஞ்சர் ரெஜிமெண்ட் பட்டாலியன் என்று மாற்றினார்கள். கல் சிப்பாய்கள் மட்டும் பாலத்தில் மழையில் நனைகிறார்கள்.

கதிரைத் தடுக்கச் சொல்லவில்லை. அவன் கேட்டது முரசுச் சத்தம் இல்லை, மூன்று வருடம் உட்கார்ந்து படித்துப் போகிறான். வாழ்த்தை அவனுக்குத் தனியாக எழுதுகிறேன். உனக்கு வாழ்த்து வேண்டாம் என்று நினைக்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் போன் பண்ணு, இங்கே அப்போது சாயங்காலம்தான்.

பாசிங் அவுட் பரேடு தேதி தெரிந்ததும் எழுது, லீவு போட வேண்டும். பரங்கிமலை வெயிலில் அவன் நிற்பான். பக்கத்தில் நீ, ‘சாவ்தான்’ என்ற அட்டென்ஷன் கட்டளை கேட்டதும் சாய்ந்துவிடுவாய், பிடிக்க ஆள் வேண்டாமா?

உன்,
ராஜன்