விறகு நனைந்த வீட்டுக்கு என்ன வழி?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜவ்வாது மலையில் நான் போய்வரும் ஊர்களில் மழை தொடங்கினாலே ஊற்றுத் தண்ணீர் கலங்கிவிடும். அப்புறம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. 'காய்ச்சிக் குடியுங்கள்' என்று சொல்கிறோம். தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் போதும், சரி. ஆனால் நனைந்த விறகோடு அடுப்பூதும் பெண்ணுக்கு அதுவே பெரும்பாடு.

தேற்றாங்கொட்டையைப் பானையில் உரசிக் கலங்கலைத் தெளிய வைப்பது நம் பாட்டிமார் அறிந்த வழி. தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி 6 மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தினால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் 2 நாள் வேண்டும்.

அடைமழையில் குளோரின் மாத்திரைதான் கைகொடுக்கும். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். வாடை பிடிக்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவே போட்டு வைத்தால் காலையில் வாடை குறைந்திருக்கும். இப்படி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

மழைக்கு முன்பே ரேஷன் கடை வழியாக மாத்திரையும், கைவிட்டு மொள்ளாதபடி குழாய் வைத்த மூடிபோட்ட பானையும் கொடுக்க அரசு முன்வர வேண்டும்.

ஒரு வாசகர்,
போளூர்