ஞாயிறு வேலை: மைல்கட்டையும் மதகும்

உறவுகளுக்கு வணக்கம். ஞாயிறு காலை 6.30க்குப் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தடியில் கூடி, வெள்ளைக்காரன் காலத்துக் கல்முனை வீதியால் நடந்து, பழைய மைல்கட்டைகளைத் துப்புரவாக்கி மதகுகளைத் திருத்துவோம். 1924இல் திறந்த பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகுதான் அதன் பாரம் இறங்கியது.

மைல்கட்டை கண்டால் கம்பி பிறஸ் படவே கூடாது, வெட்டிய எழுத்தின் விளிம்பு உதிர்ந்துவிடும். தும்பு பிறஸும் நல்ல தண்ணீரும் போதும். எனாமல் பெயின்ற் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு, கல்லின் மேல்தோலோடு பொருக்குப் பொருக்காகக் கழரும். சாய்ந்த கட்டையைப் பிடுங்கி வேறிடத்தில் நடாதீர்கள். அது காட்டும் தூரம் பொய்யாகிவிடும். நாலு பக்கமும் படமெடுத்து இங்கே போடுங்கள்.

மதகு என்றால் வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் சிறு பாலம். அனுமதிக் கடிதம் வந்த மதகில் மட்டும் கை வைப்போம். செங்கல் மூட்டுக்குச் சீமெந்து வேண்டவே வேண்டாம். அது சுண்ணாம்பைவிட இறுக்கம், கட்டு அசையும்போது செங்கல்தான் வெடிக்கும். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, அரித்த ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணலில் உப்புப் பூக்கும். பூசிய இடத்தை ஈரச் சாக்கால் 7 நாள் மூடுங்கள், இல்லாவிட்டால் வறண்ட கச்சான் காற்றில் சீக்கிரம் காய்ந்து பொடியாகும். மதகில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கினால் வேரோடு கல்லும் பெயரும். அடியில் வெட்டி, தளிர்க்கத் தளிர்க்க வெட்டுங்கள்.

வாளி, தும்பு பிறஸ், பழைய சாக்கு கொண்டு வாருங்கள்.